இரண்டு குழாய், ஒரே நோட்டு: குவெல்ஃப் பேஸ்மென்ட்டில் வாடிய நான்கு கஞ்சா செடிகள்

முதலில் பார்த்தது ஓர் இலையைத்தான். கீழ்த்தட்டு இலை, ஏழு விரல். ஒவ்வொரு விரலின் ஓரமும் தீயில் காட்டி எடுத்ததுபோலப் பழுப்பாகச் சுருண்டிருந்தது. நரம்புகள் பச்சை, நரம்புகளுக்கு இடையில் மஞ்சள். அதே செடியின் உச்சியில், இரண்டு நாளுக்கு முன் விரிந்த குருத்திலை முறுக்கிக்கொண்டு, துருப்பிடித்ததுபோன்ற சிறு புள்ளிகளோடு இருந்தது. அடியும் கெட்டிருக்கிறது, நுனியும் கெட்டிருக்கிறது. இந்த நிகழ்வு முழுவதும் இந்த ஒரு முரணிலிருந்துதான் அவிழ்ந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருகை தேவைப்பட்டது.

இடம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குவெல்ஃப் நகரம். செடிகளின் சொந்தக்காரர் என் நண்பர், யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. ஒன்டாரியோவில் வயதுவந்தோர் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கலாம். பக்கத்து மாகாணமான கியூபெக் வீட்டில் வளர்க்கத் தடை போட்டது. அந்தத் தடை செல்லும் என்று 2023-இல் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி உரிமமின்றி வளர்ப்பது குற்றம், இலங்கையிலும் அப்படித்தான். ஆகவே இதை ஒன்டாரியோ வீடு ஒன்றில் நடந்ததாக மட்டும் படியுங்கள். ஆனால் இதில் வரும் கோளாறு கஞ்சாவுக்கு மட்டும் உரியதல்ல. தக்காளி, மிளகாய், தொட்டிக் கறிவேப்பிலை எதுவாக இருந்தாலும் இதே தண்ணீரில் இதே பாடு பட்டிருக்கும்.

அண்ணா இயற்கை வழியில் உறுதியானவர். வீட்டுக்குள் செடி வளர்க்க நான்கடிக்கு நான்கடி டென்ட், எல்.இ.டி. விளக்கு, 25 லிட்டர் துணித்தொட்டி நான்கு. மண் அவரே கலந்தது: பீட் பாசி, மண்புழு உரம், பெர்லைட் (மண்ணை இலகுவாக்கும் வெள்ளைப் பாறைத் துகள்) மூன்றும் சம அளவில், அதோடு வேப்பம் புண்ணாக்கு, கடற்பாசித் தூள், கொஞ்சம் பாறைத்தூள். ஒரு போகம் முடிந்ததும் வேரை அப்படியே மண்ணில் விட்டு, மேலே உரம் தூவி, அடுத்த செடியை நடுவார். இரசாயன உரம் ஒரு துளி கிடையாது. அந்த ஆண்டின் வசந்தத்திலும் கோடையிலுமாக இரண்டு போகம் இதே மண்ணில் அருமையாக வந்தன. மூன்றாவது போகம்தான் அவருடைய முதல் குளிர்காலப் போகம். நவம்பர் நடுவில் நாற்றைத் தொட்டிக்கு மாற்றினார். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் அடியிலைகள் வெளுக்கத் தொடங்கின.

அவர் செய்து பார்த்தவை

அண்ணாவிடம் ஒரு நோட்டு இருக்கிறது. விளக்கின் உயரம், வெப்பநிலை, ஈரப்பதம், எந்த நாளில் என்ன தூவினார், எல்லாம் தேதி போட்டு எழுதியிருப்பார். இவ்வளவு ஒழுங்காக எழுதி வைக்கும் தோட்டக்காரர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த நோட்டின்படி, முதலில் மக்னீசியப் பற்றாக்குறை என்று முடிவுகட்டி எப்சம் உப்பை (மக்னீசியம் சல்பேட்) நீரில் கரைத்து இலைமேல் தெளித்தார். நான்கு நாள் பச்சை திரும்பியது, பிறகு பழைய கதை. அப்புறம் பசி போலிருக்கிறது என்று மண்புழு உரமும் கடற்பாசித் தூளும் கூடுதலாகத் தூவினார். இன்னும் மோசம். விளக்கு சுடுகிறதோ என்று 15 செ.மீ. உயர்த்தினார், மாற்றமில்லை. கடைசியாக இலைகள்மேல் வெள்ளையாக மாவுபோல ஒன்று படியத் தொடங்கியது. சாம்பல் நோய் என்று பயந்து வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தார்.

எப்சம் உப்புக்குக் கிடைத்த அந்த நான்கு நாள் பச்சைதான் அவரை வழி தவற வைத்தது. இலைமேல் தெளித்தது வேரைத் தொடாமல் நேரே இலைக்குள் போய்விட்டது. அப்படியானால் செடிக்கு மக்னீசியம் தேவைப்பட்டது உண்மை. ஆனால் மண்ணில் மக்னீசியம் இல்லாமல் போனதா, இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லையா? தெளிப்பு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. பற்றாக்குறை என்ற சொல்லே நம்மை உர மூட்டையின் பக்கம் திருப்பிவிடுகிறது.

நான் சரிபார்த்தவை

கிறிஸ்துமஸ் விடுமுறையில் போனேன். வழக்கமான சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

ஒளி: செடியின் உச்சியில் விழும் ஒளியின் அளவு சுமார் 450 மைக்ரோமோல். வளர்ச்சிப் பருவத்துக்கு இது அதிகமே இல்லை. தவிர, ஒளி அதிகமானால் விளக்குக்கு அருகிலுள்ள மேலிலைகள்தாம் முதலில் வெளுக்கும். இங்கே தொடங்கியது அடியில்.

பூச்சி: லென்ஸை வைத்து இலைகளின் அடிப்பக்கம் முழுக்கப் பார்த்தேன். சிலந்திப்பேன் இல்லை, அதன் நூலும் இல்லை. மஞ்சள் ஒட்டு அட்டையில் ஈரமண் கொசு இரண்டு மூன்று, அவ்வளவுதான். 2019-இல் கலிபோர்னியாவில் கஞ்சா செடிகளில் உறுதியான ஹாப் வைராய்டு (வைரஸைவிடச் சிறிய நோய்க்கிருமி) தொற்றும் நினைவுக்கு வந்தது. ஆனால் அது செடியைக் குட்டையாக்கிக் கிளைகளை எளிதில் ஒடியச் செய்யும், இப்படி ஓரங்களைக் கருக்காது. மேலும் நான்கும் தனித்தனி விதையிலிருந்து வந்தவை. நான்கும் ஒரே வாரத்தில் சரிவதற்கு அது பொருந்தவில்லை.

அதிக நீர்: தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன், எடை சரியாக இருந்தது. விரலை விட்டால் மண் மணம் நன்றாகத்தான் வந்தது, புளித்த வாடை இல்லை.

இரண்டு விஷயம் உண்மையிலேயே தவறாக இருந்தன. தொட்டிகள் வெறும் கான்கிரீட் தரையில் உட்கார்ந்திருந்தன. அடிமண்ணின் வெப்பநிலை 15 டிகிரி. காற்றின் ஈரப்பதம் 24 சதவீதம். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் கனடிய வீடுகளில் இது சாதாரணம். 26 டிகிரி சூட்டில் அவ்வளவு வறண்ட காற்று என்றால் இலை ஓயாமல் நீரை இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சரி, பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். தொட்டிகளுக்கு அடியில் ஃபோம் பலகை வைக்கச் சொன்னேன். மூலையில் ஓடிக்கொண்டிருந்த சிறிய ஈரமூட்டி போதாது என்று பெரியதாக ஒன்று வாங்கச் சொன்னேன். வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து அண்ணா படம் அனுப்பினார். புதிதாக வந்த குருத்தும் முறுக்கிக்கொண்டிருந்தது. வெள்ளை மாவு இரண்டு மடங்கு.

அப்போதுதான் அந்த முதல் முரணை முறையாக யோசித்தேன். மக்னீசியம் செடிக்குள் நகரும் சத்து. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதியதற்குக் கொடுக்கும், எனவே அடியிலை வெளுக்கும். கால்சியம் போன இடத்திலேயே நின்றுவிடும் சத்து. அது குறைந்தால் குருத்துதான் கெடும். இரண்டும் ஒரே சமயத்தில், அதுவும் மண்புழு உரமும் கடற்பாசியும் நிரம்பிய மண்ணில், எப்படிக் குறையும்? இரண்டையும் ஒருசேரத் துரத்தும் ஏதோ ஒன்று மண்ணுக்குள் வந்திருக்க வேண்டும்.

கடலை ஊறவைத்த தண்ணீர்

இரண்டாம் முறை போனபோது அண்ணாவின் அம்மா பேஸ்மென்ட் படியில் இறங்கி வந்தார். கையில் ஒரு பாத்திரம். துணி துவைக்கும் தொட்டியின் குழாயைத் திறந்து நீர் பிடித்தார். மேலே சமையலறையில் குழாய் இருக்க, முழங்கால் வலியோடு ஏன் இறங்கி வருகிறார் என்று கேட்டேன்.

“தம்பி, கடலை அவியிறதுக்கு இந்தத் தண்ணிதான் நல்லது. குசினித் தண்ணியில ஊறப்போட்டா எவ்வளவு அவிச்சாலும் கல்லு மாதிரிக் கிடக்கும்.”

அவர் நின்ற இடத்துக்கு அருகில், படிக்கட்டின் அடியில், 20 கிலோ உப்பு மூட்டை இரண்டு சாய்த்து வைத்திருந்தது. அவற்றுக்குப் பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் நீர் மென்மையாக்கி. முதல் வருகையிலும் அந்த மூட்டைகளைத் தாண்டித்தான் டென்ட்டுக்குப் போனேன். கண்ணில் பட்டது, மனத்தில் பதியவில்லை.

குவெல்ஃப் பெரும்பாலும் நிலத்தடி நீரை நம்பியிருக்கும் ஊர். சுண்ணாம்புப் பாறையிலிருந்து வரும் நீர், கடினத்தன்மை (கரைந்துள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவு) லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவில் இருக்கும். கெட்டில் சில வாரங்களில் வெள்ளையாகப் படியும். அதனால் அங்கே வீட்டுக்கு வீடு நீர் மென்மையாக்கி வைத்திருப்பார்கள். அந்த இயந்திரம் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை நீரில் விடுகிறது. உப்பு மூட்டை அதற்குத்தான். நீரிலிருந்த கார்பனேட் பகுதி அப்படியே தங்கிவிடும். சுருக்கமாகச் சொன்னால், சுண்ணாம்பு நீராக உள்ளே போவது ஆப்பச் சோடா கரைத்த நீராக வெளியே வருகிறது. கடலை ஏன் சீக்கிரம் வெந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

அந்த வீட்டில் வெளிமுற்றத்துக் குழாயும் சமையலறைக் குளிர்நீர்க் குழாயும் மென்மையாக்கியைத் தொடாமல் போகின்றன. மற்ற எல்லாம் அதன் வழியாகவே. வசந்தத்திலும் கோடையிலும் அண்ணா வெளிமுற்றத்துக் குழாயிலிருந்து ஹோஸ் இழுத்துச் செடிக்கு ஊற்றினார். நவம்பர் தொடக்கத்தில், உறைந்து வெடிக்கக் கூடாது என்று அந்தக் குழாயை மூடிவிட்டார். கனடாவில் எல்லோரும் அதைச் செய்வார்கள். அதன்பின் டென்ட்டுக்கு நாலடி தள்ளியிருந்த துவைக்கும் தொட்டிக் குழாயில் வாளியை வைத்தார். நோட்டில் இரண்டு காலத்துக்கும் ஒரே சொல்தான்: “குழாய்த் தண்ணீர்.” குளோரின் போகட்டும் என்று வாளியை இரவெல்லாம் திறந்து வைத்த குறிப்புகூட இருக்கிறது. எந்தக் குழாய் என்பது மட்டும் இல்லை.

அவரிடம் அளவுகருவி இல்லாமல் இல்லை. நீரின் மின்கடத்து திறனை ஒவ்வொரு வாரமும் அளந்திருந்தார். அன்றைக்கு என் முன்னாலும் அளந்தோம். சமையலறை நீர் 0.86, துவைக்கும் தொட்டி நீர் 0.89. அந்தக் கருவி நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. கால்சியம் போய்ச் சோடியம் வந்ததை அதனால் பார்க்க முடியாது. அமிலகார அளவும் (pH) இரண்டு நீருக்கும் ஏறக்குறைய ஒன்றே. இந்த இரண்டு எண்ணையும் நம்பி உட்கார்ந்திருந்தால் மார்ச் வரை தேடியிருப்போம்.

கடையில் கடினத்தன்மைத் தாள் வாங்கி வந்தோம். சமையலறை நீரில் நனைத்த தாள் சில நொடியில் அட்டையின் கடைசி நிறத்துக்குப் போனது, 425. துவைக்கும் தொட்டி நீரில் நனைத்தது முதல் நிறத்திலேயே நின்றது, பூஜ்யம். அண்ணா இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளை மாவும் அதோடு தெளிந்தது. ஈரமூட்டியையும் அதே குழாயில்தான் நிரப்பியிருக்கிறார். மீயொலி ஈரமூட்டி நீரை மட்டும் அல்ல, நீரில் கரைந்த உப்பையும் சேர்த்துப் புகையாக விடும். நீர் ஆவியானதும் உப்பு இலைமேல் தூசாகப் படியும். ஒரு இலையைக் கிள்ளி அதன்மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டோம். நுரைத்தது. பூஞ்சை நுரைக்காது. வேப்பெண்ணெய் அடித்ததெல்லாம் வீண், நான் சொல்லிப் பெரிய ஈரமூட்டி வாங்கியது அதைவிட மோசம்.

எவ்வளவு உப்பு?

ஒரு மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்க ஏறக்குறைய 0.46 மில்லிகிராம் சோடியம் நீருக்குள் வரும். கடினத்தன்மையை 400 என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், லிட்டருக்கு 184 மில்லிகிராம் சோடியம். நான் முதல்முறை போகும் வரை 38 நாள், இரண்டு நாளுக்கு ஒருமுறை தொட்டிக்கு 2 லிட்டர், ஆக 38 லிட்டர். கணக்குப் போட்டால் ஒரு தொட்டிக்கு 7 கிராம் சோடியம். சாப்பாட்டு உப்பாக நினைத்தால் கிட்டத்தட்ட 18 கிராம், மூன்று தேக்கரண்டி. கரண்டியில் எடுத்து ஒரு செடியின் அடியில் கொட்டச் சொன்னால் அண்ணா கையை நீட்டவே மாட்டார். வாளியில் கரைந்து வந்ததால் போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணாவைப் போல இரசாயனமின்றி உயிருள்ள மண் வைத்திருப்பவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு, “எங்கள் செடிக்குத் தண்ணீர் மட்டும் போதும்” என்று. அப்படியானால் செடிக்குள் போகும் பொருளில் ஆகப்பெரிய பங்கு அந்தத் தண்ணீர்தான். புண்ணாக்கை நிறுத்துப் பார்க்கிறோம், தண்ணீரை நிறுத்துப் பார்ப்பதில்லை.

நான் வேளாண்மை படித்தது திருச்சியில். அந்த வட்டாரத்தில் களர் நிலம் அதிகம், அதைத் தாங்குவதற்கென்றே திருச்சி 1 என்ற நெல் ரகம் அங்கே உருவானது. உவர் என்றால் மொத்த உப்பு அதிகம், களர் என்றால் சோடியம் அதிகம், இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்று முதலாண்டிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். உவரைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போகும். களரை வெறுமே கழுவினால் போகாது. மண்துகளைப் பற்றியிருக்கும் சோடியத்தை முதலில் கால்சியம் கொடுத்து விலக்க வேண்டும், அதற்கு ஜிப்சம். அதன் பிறகுதான் நீர் கட்டி வடிப்பது. குவெல்ஃப் பேஸ்மென்ட்டில் இருந்தது 25 லிட்டர் அளவிலான நான்கு களர் நிலங்கள். தொட்டிக் கலவையில் களிமண் குறைவு என்பதால் மண் இறுகவில்லை, நீர் தேங்கவில்லை. அதனால்தான் களர் என்று எனக்குச் சட்டென்று தோன்றவும் இல்லை. ஆனால் பீட் பாசியும் மட்கும் பற்றிவைத்திருக்க வேண்டிய கால்சியம், மக்னீசியத்தின் இடத்தில் சோடியம் ஏறி உட்கார்ந்திருந்தது. மண்ணைக் காய்ச்சிவடித்த நீரில் கலக்கி அளந்தபோது அமிலகார அளவு 7.2. ஆகஸ்ட் நோட்டில் 6.5.

வறண்ட காற்றும் சில்லிட்ட தரையும் இதில் குற்றமற்றவை அல்ல. காற்று வறண்டதால் செடி அதிக நீர் குடித்தது, ஆகவே அதிகச் சோடியம் உள்ளே போனது. நான் முதலில் திருத்தியது துணைக் காரணங்களை.

வைத்தியமும் ஒரு வருத்தமும்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். ஆகவே நான்கு தொட்டியையும் பிரித்தோம். முதல் இரண்டுக்குக் குழாயை மாற்றி, ஜிப்சமும் போட்டுக் கழுவுவது. மூன்றாவதுக்குக் குழாயை மட்டும் மாற்றுவது. நான்காவதை அப்படியே விடுவது.

ஜிப்சம் கணக்கு இது: 7 கிராம் சோடியத்தை விலக்க 26 கிராம் ஜிப்சம். முதல் வருகைக்குப் பிறகு சேர்ந்ததையும் நினைத்து 35 கிராம் போட்டோம். ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல்தான் அது கரையும். ஆகவே மேலே தூவிக் கிளறி, இரண்டு நாளில் மெதுவாக 30 லிட்டர் வடியவிட்டோம். சமையலறை நீரிலும் கார்பனேட் அதிகம் என்பதால், பின்முற்றத்தில் பனியை வாரி உருக்கிப் பாதிக்குப் பாதி கலந்தோம். தெருவோரப் பனியைத் தொடவில்லை, அங்கே சாலைக்கு உப்பு தூவுவார்கள். ஒரு வாளி பனிக்கு அடியில் ஒரு சாண்கூட நீர் தேறாது. அண்ணாவின் மகன் ஒரு நாள் முழுக்க வாளி சுமந்தான். முதலில் வடிந்த நீர் மின்கடத்து கருவியில் 3.1 காட்டியது, கடைசியில் 1.2.

கழுவினால் நைட்ரேட்டும் சேர்ந்து போகும். அதற்கு ஈடாக ஒரு வாரம் கழித்து ஒரு கைப்பிடி மண்புழு உரம் மட்டும் கொடுத்தோம்.

பன்னிரண்டாம் நாள் முதல் இரண்டு தொட்டியிலும் குருத்து தட்டையாக, சுத்தமாக விரிந்தது. கருகிய பழைய இலைகள் கருகியபடியேதான் இருந்தன. அவை ஒருபோதும் திரும்பாது. பார்க்க வேண்டியது புதிய இலையை. மூன்றாவது தொட்டியும் தேறியது, ஆனால் இருபது நாளுக்கு மேல் எடுத்தது. நான்காவதில் கருகல் இலையின் பாதி வரை ஏறிவிட்டது. பன்னிரண்டாம் நாள் அண்ணா பொறுக்கமாட்டாமல் அதற்கும் ஜிப்சம் போட்டார். தாமதம். பிப்ரவரியில் அதைப் பிடுங்க வேண்டியதாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு செடி வேண்டும் என்று கேட்டவன் நான். ஏழாம் நாளிலேயே முடிவு தெரிந்துவிட்டது, அப்போதே நிறுத்தியிருக்கலாம். இன்னும் உறுத்துகிறது.

உப்புக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு போட்டால் மென்மையாக்கிய நீரைச் செடிக்கு விடலாமா என்று அண்ணா கேட்டார். வேண்டாம். பொட்டாசியம் செடிக்குச் சத்துதான், ஆனால் அளவு மீறினால் அதுவும் மக்னீசியத்தையும் கால்சியத்தையும் தள்ளிவிடும். குழாயை மாற்றுவதுதான் எளிது. சமையலறைக் குழாய் எல்லா வீட்டிலும் மென்மையாக்கியைத் தவிர்த்துப் போகும் என்று நம்பவும் வேண்டாம், ஒரு தாள் நனைத்துப் பாருங்கள். ஈரமூட்டிக்கு இப்போது காய்ச்சிவடித்த நீர். நோட்டில் “தண்ணீர்” என்ற பத்தியைப் பிரித்து, எந்தக் குழாய், கடினத்தன்மை எவ்வளவு என்று இரண்டு பத்தி போட்டிருக்கிறார்.

நான்காவது தொட்டியின் மண்ணை அவர் வீசவில்லை. ஜிப்சம் கலந்து ஏப்ரல் முழுக்க மழையில் வைத்தார். மே கடைசியில் வடிநீர் 0.7. அம்மா அதில் முளைக்கீரை தூவியிருக்கிறார், வெளிமுற்றத்துக் குழாய்த் தண்ணீரில்.